நோயாளர் குறிப்பேடும் ஆய்வாளர் பொழுதும்

வியன்னா நகரத்துப் பொது வைத்தியசாலையிலே, 1846ஆம் ஆண்டில் முதலாம் மகப்பேற்று விடுதியில் 4010 பிரசவங்களுக்கு 459 தாய்மார் இறந்தனர். இரண்டாம் விடுதியில் 3754 பிரசவங்களுக்கு 105 தாய்மாரே இறந்தனர். முன்னையதில் வைத்திய மாணவரும் பின்னையதில் மருத்துவிச்சியரும் பயின்றனர். பதிவேடுகள் காட்டிய இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்ந்த செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், குளோரின் கலந்த நீராற் கைகழுவும் விதியை 1847இல் ஏற்படுத்தினார். 1848இல் முதலாம் விடுதியில் 3556 பிரசவங்களுக்கு இறந்தோர் தொகை 45 ஆகக் குறைந்தது. பழைய ஏடும் உயிர் காக்கும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆயின், ஏடு தானாகப் பேசாது. படிப்போர் பொழுதைச் செலவிடல் வேண்டும். எவ்வளவு பொழுது?

கண்ணாடி விரியன் தீண்டிய 300 பேரின் சிகிச்சைக் குறிப்பேடுகளை ஓர் இளம் வைத்தியர் ஆராய முற்படுகின்றார் என வைத்துக்கொள்வோம். ஏடொன்றுக்கு 10 நிமிடம் எனக் கொண்டு, 50 மணித்தியாலத்தில் முடியும் என எண்ணுவார். ஏட்டைத் திறந்த பின்னரே இடர் தோன்றும். தீண்டிய நேரம் ஓரிடத்தில் ஒன்றாகவும் மற்றோரிடத்தில் வேறாகவும் இருக்கும். சிறுநீர் குறைந்ததா என்பது பற்றிக் குறிப்பே இராது. குறிப்பில்லாமையைக் 'குறையவில்லை' எனக் கொள்வாராயின், சிறுநீரகப் பாதிப்பு உள்ளதிலுங் குறைவாகத் தோன்றும். அம்முடிவை நம்பும் மற்றொரு வைத்தியரின் நோயாளியே அப்பிழையின் பயனை அனுபவிப்பார்.

ஆதலின், எவற்றைக் குறித்தெடுப்பது, ஐயம் நேரின் எவ்வாறு தீர்ப்பது என்பவற்றை முன்னரே எழுதிவைத்தல் வேண்டும். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் வேண்டும். பின்னர், 10 ஏடுகளைக் கடிகாரம் பார்த்துப் படித்துச் சராசரி காண்க. அது 25 நிமிடமாயின், 300 ஏடுகளுக்கு 125 மணித்தியாலமாகும். மாலைதோறும் 2 மணித்தியாலம் உழைப்பினும் 63 மாலைகள் செல்லும். முதலாமவரின் முடிவைக் காணாத மற்றொருவர் பத்திலொரு பங்கை மீளப் படிக்கப் பின்னும் 12½ மணித்தியாலம் வேண்டும். ஏடுகளைத் தேடியெடுக்கும் பொழுதோ இக்கணக்கிற் சேராது.

பொழுது போதாதெனின் வினாக்களைக் குறைக்கலாம்; எளிதிற் கிடைப்பவற்றைப் பொறுக்காது, குலுக்கல் முறையில் ஏடுகளைக் குறைக்கலாம். கவனத்தைக் குறைத்தலாகாது. வைத்தியத் துறை புகவிருக்கும் எம் கல்லூரி மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக. ஏட்டின் ஒவ்வொரு வரியும் நோயுற்ற ஒருவரின் ஓரிரவு அன்றோ?