வலம்புரிச் சங்கும் பொருள் வரையறையும்

இராமேசுவரம் கடைவீதியில் நடப்போர் சங்கும் சோழியும் சிப்பி மாலைகளும் குவிந்திருக்கக் காண்பர். அங்கே சாதாரணச் சங்கு எளிய விலைக்குக் கிடைக்கும். அதே இனத்தைச் சார்ந்த மற்றொரு சங்கிற்கோ, வலம்புரி என்னும் ஒரு காரணத்தால் பல இலட்சம் ரூபாய் விலை பேசப்படுகிறது. மகளின் திருமணத்திற்கும் மகனின் கல்விக்கும் வைத்திருந்த சேமிப்பை எடுத்து அதனை வாங்க எண்ணுவோரும் உளர். இது பொருளியல் நோக்கில் தகுமா, அறநோக்கில் தகுமா என்று ஆராய்வோம்.

மன்னார் வளைகுடாவில் கீழக்கரை, பெரியபட்டினம் முதலிய ஊரினர் சங்கு குளித்தலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றனர். சேதுபதி மன்னர்களுக்கு அது ஒரு வருவாய் வழியாக இருந்தது. இச்சங்குகள் வங்காளத்திற்குச் சென்று வளையல்களாக அறுக்கப்பட்டதை ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட சங்கு பற்றிய நூலில் விரித்துரைத்துள்ளார். குளியாளருக்குக் கூலியும் வளையல் செய்வோருக்குத் தொழிலும் தருவது சாதாரண இடம்புரிச் சங்கே. வால் மேல்நோக்க, வாய் நம்மை நோக்கப் பிடித்தால் அதன் திறப்பு இடப்பக்கம் இருக்கும். மிக அரிதாகப் பிறக்கும் ஒன்றில் அது வலப்பக்கம் அமையும். இரண்டும் ஒரே இனம்; ஒரே ஓடு; ஒரே ஒலி. சுழியின் திசை ஒன்றே வேறு. அத்திசைக்காகவே அவ்வளவு விலையும் கொடுக்கப்படுகிறது.

நிலம் விளைச்சல் தரும். வீடு வாடகை தரும். வங்கியில் இட்ட பணம் வட்டி தரும். பேழையில் வைத்த சங்கு எதையும் ஈனாது. பிறிதொருவர் கூடுதல் விலைக்குக் கேட்டால்தான் இலாபம். ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டு வட்டியில் இட்ட தொகை ஏறத்தாழ 10 ஆண்டுகளில் இரட்டிக்கும். 30 ஆண்டுகளில் ஏழரை மடங்கிற்கும் மேலாகும். ஆகவே இன்று ஓர் இலட்சத்திற்கு வாங்கிய சங்கை 30 ஆண்டு கழித்து ஐந்து இலட்சத்திற்கு விற்றவர் இலாபம் அடைந்தவர் அல்லர், இழந்தவரே. பொன்னுக்கு நாள்தோறும் அறிவிக்கப்படும் விலை உண்டு. சங்கிற்கு அத்தகைய விலையும் இல்லை. அவசரத்திற்கு விற்கச் சென்றால் வாங்குவோர் சொல்வதே விலை.

போலியின் இடர் இதனினும் பெரிது. அமெரிக்காவின் மெக்சிக்கோ வளைகுடாக் கரையில் வாழும் ஒருவகைக் கடல் நத்தையின் ஓடு இயல்பாகவே வலம்புரியாகச் சுழன்றிருக்கும். டெக்சாசு மாநிலம் 1987இல் அதனைத் தன் மாநிலச் சின்னமாக ஏற்றது. அங்கே சாதாரணமாகக் கிடைக்கும் அவ்வோடு இங்கே வலம்புரியென விற்கப்படுகிறது. உண்மைச் சங்கின் வாயினுள், நடுத்தண்டின்மீது மூன்று அல்லது நான்கு மடிப்புகள் தெளிவாகத் தெரியும். அந்த ஓட்டில் அவை இரா. இதனை அறியாதார் எத்துணை எளிதில் ஏமாறுவர்!

உண்மைப் பொருளே ஆயினும் அருமை நிலைப்பதில்லை. ‘கடலின் புகழ்’ எனப் பொருள்படும் பெயருடைய ஒரு கூம்புச் சிப்பி 1777இல் அறிவியலாரால் விவரிக்கப்பட்டது. ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் உலகில் மிகச் சிலவே இருந்தமையால் செல்வர் அதற்குப் பெருந்தொகை கொடுத்தனர். 1969இல் சாலமன் தீவுகளைச் சேர்ந்த குவாடல்கனால் அருகே அதன் வாழிடம் கண்டறியப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டவை எடுக்கப்பட்டன. விலை வீழ்ந்தது. சிப்பியின் அழகு சிறிதும் குன்றவில்லை. குன்றியது உடைமையாளரின் செல்வமே.

வலம்புரி இருக்கும் இல்லத்தில் செல்வம் பெருகும் என்பர் சிலர். அவ்வாறாயின் விற்பவர் அதனைத் தம் இல்லத்திலேயே வைத்துக்கொள்ளாது விற்பதேன் என்று சிந்தித்தல் வேண்டும்.

இனி அறநோக்கு. தொல்காப்பிய மரபியல் நந்தினை ஈரறிவுயிருள் வைத்து எண்ணுகிறது. நம் ஆகமங்களும் சங்கினை ஈரறிவுயிர் என்றே கூறும். கடையில் காணும் ஓடு பெரும்பாலும் உயிரோடு எடுத்து ஊன் அகற்றப்பட்டதே. நாம் கொடுக்கும் விலை உயருந்தோறும் கடலடியைத் துழாவும் கைகளும் பெருகும். நேமிநாத சுவாமியின் இலாஞ்சனம் சங்கு என்பதால் அதனை வாங்கி வைத்தல் பக்தி எனச் சிலர் கருதலாம். பீடத்தில் பொறித்த உருவே வணக்கத்திற்குப் போதும். ஓர் உயிரின் கூடு வேண்டுவதில்லை.

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் பொருளை வெறுக்கச் சொல்லவில்லை. அளவு வரையறுக்கச் சொல்கிறது. ஆதலின் அரும்பொருளை வாங்குமுன் இல்லறத்தார் மூன்று வினாக்களைத் தம்மைத் தாமே கேட்டல் நன்று. இது எதற்குப் பயன்படும்? விற்க நேரின் யார், என்ன விலைக்கு வாங்குவார்? இத்தொகையால் வேறு எந்தக் கடமையை நிறைவேற்றியிருக்கலாம்? மூன்றாவது வினாவிற்கு விடையாக ஒரு பிள்ளையின் படிப்போ, முதியோர் ஒருவரின் மருத்துவமோ நினைவிற்கு வருமாயின், சங்கைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுக. கண்ணால் கண்டு வியந்ததற்குக் காசு இல்லை.