சேவை செய்பவர்க்கும் சோர்வு உண்டு



கீதையின் முதல் அத்தியாயத்துக்கு 'அர்ச்சுன விஷாத யோகம்' என்று பெயர். விஷாதம் என்றால் துயரம், மனச்சோர்வு. மாவீரன் அர்ச்சுனனுக்கே உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, வில் கையை விட்டு நழுவுகிறது. தேரிலேயே உட்கார்ந்துவிடுகிறான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மா ஞாபகம்தான் வரும்.

அம்மா சிங்கப்பூரில் தாதியாக இருந்தார். 2003 மார்ச்சில் சார்ஸ் இங்கே பரவியபோது எனக்குப் பத்து வயது. மொத்தம் 238 பேருக்குத் தொற்றியது. 33 பேர் இறந்தார்கள். தொற்றியவர்களில் ஐந்தில் இரண்டு பங்கினர் சுகாதார ஊழியர்கள். நோயாளியைத் தொட்டுக் கவனித்தவர்களையே நோய் அதிகம் தாக்கியது.

ஆனால் அம்மாவின் பெரிய பயம் தன்னைப் பற்றியது இல்லை. நோயை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோமோ என்பதுதான். தனித் தட்டு, தனிப் படுக்கை. நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கப் பார்த்தால், "வேணாம்டா, கிட்ட வராதே" என்பார். ஒருநாள் சீருடையோடு லிஃப்டில் ஏறியதும், உள்ளே இருந்த ஆன்ட்டி பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். அன்று முதல் அம்மா உடை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். இரவில் குளியலறைக் குழாய் ரொம்ப நேரம் ஓடும். அழுகைச் சத்தம் எங்களுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் அது என்று பல வருடம் கழித்துத்தான் சொன்னார்.

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"எல்லாரும் தள்ளி நின்னுகிட்டே 'நீங்க தெய்வம்'னு சொன்னாங்கப்பா. தெய்வம்னு சொன்னப்புறம் எனக்குப் பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

2020இல் கோவிட் வந்தபோது நாம் வீட்டில் நின்று கைதட்டினோம். நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதாது. கண்ணன் என்ன செய்தார் என்று பாருங்கள். அர்ச்சுனன் புலம்பி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு கண்டிக்கவும் செய்தார். ஆனால் தேரை விட்டு இறங்கிப் போகவில்லை. 18 அத்தியாயமும் கூடவே இருந்தார்.

நாம் செய்யக்கூடியவை:

1. உங்கள் குடும்பத்திலோ புளோக்கிலோ தாதி இருந்தால், "சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா?" என்று கேளுங்கள். அவர் பேசினால் அறிவுரை சொல்லாமல் கேளுங்கள்.

2. வேலையைப் பகிருங்கள். ஒருவேளைச் சாப்பாடு கொடுப்பது, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, இதுவும் தொண்டுதான்.

3. தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், எதிலும் பற்றில்லாமை, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்க்கச் சொல்லுங்கள். கூடவே போங்கள். தாங்கமுடியாத நேரத்தில் சிங்கப்பூரில் 1767 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

சோர்ந்து உட்கார்வது அதர்மம் இல்லை. அந்தச் சோர்விலிருந்துதான் கீதையே பிறந்தது.

சிந்திக்க: சேவை செய்யும் ஒருவரைப் புகழ்ந்துவிட்டு, அவர் மனசைக் கேட்காமல் விட்டிருக்கிறோமா? அடுத்த வகுப்பில் பேசுவோம்.