பிடித்த மீனுக்கு அரசுச் சான்றிதழ்: டெக்சஸ் மாநிலத்தின் தூண்டில்காரர் விருதுகள்

வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் நமக்குத் தெரியும். தூண்டில் போட்டு ஒரு பெரிய மீனைப் பிடித்தேன் என்பதற்கு அரசாங்கம் சான்றிதழ் கொடுக்குமா? கொடுக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் மீன்வளத்தைப் பார்த்துக்கொள்ளும் துறையே இதை ஒரு குடிமக்கள் சேவையாக நடத்துகிறது. "இதெல்லாம் ஒரு அரசு வேலையா?" என்று முதலில் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு விண்ணப்பத்தை எப்படி வடிவமைக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம். டெக்சஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே இந்தப் பொறுப்பு பூங்கா மற்றும் வனவிலங்குத் துறையிடம் இருக்கிறது.

முதலில் மீனைப் பற்றி. லார்ஜ்மவுத் பாஸ் என்பது ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் வாழும் நன்னீர் மீன். பெயருக்கேற்ற பெரிய வாய். நம்மூர் விரால் மாதிரி, செடி மறைவில் பதுங்கி நின்று இரையைப் பாய்ந்து பிடிக்கும் ரகம். அமெரிக்காவில் தூண்டில்காரர்கள் அதிகம் தேடிப் போகிற மீன்களில் ஒன்று. சாதாரணமாக அகப்படுவது ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ அளவில்தான். அதனால் மூன்றரைக் கிலோ தாண்டினாலே அது பேசப்படும் மீன். இன்னொரு விஷயம்: இந்த இனத்தில் ஆண் மீன் அவ்வளவு பெரிதாக வளராது. விருது வாங்குகிற அளவு மீன் என்றாலே அது பெண் மீன்தான். முழுத் திட்டமும் இந்த உண்மையைச் சுற்றித்தான் ஓடுகிறது.

யாருக்குத் தகுதி?

'ஷேர்லங்கர்' என்ற திட்டத்தில் படிகள் நான்கு. 8 பவுண்டு, அதாவது சுமார் 3.6 கிலோ எடையோ, 24 அங்குல நீளமோ இருந்தால் முதல் படி. 10 பவுண்டுக்கு அடுத்த படி. 13 பவுண்டு, கிட்டத்தட்ட 5.9 கிலோ, வந்தால் மூன்றாவது. அதே 13 பவுண்டு மீனை ஜனவரி 1 முதல் மார்ச் 31-க்குள் பிடித்து, உயிரோடு அரசுக்குக் கடனாகக் கொடுத்தால் நான்காவது, மிக உயர்ந்த படி. கடனாக என்றுதான் சொல்கிறார்கள். அதற்குப் பின்னால் வருவோம்.

முதல் படியில் 'எடையோ, நீளமோ' என்று இருப்பதைக் கவனியுங்கள். ஏரிக்கரைக்கு வருகிற எல்லோரிடமும் சரியான தராசு இருக்காது. ஒரு அளவுகோல் இருக்கும். நீளம் அளக்க அரை நிமிடம் போதும், மீனையும் உடனே தண்ணீரில் விட்டுவிடலாம். தராசு தேடிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் மீன் செத்துவிடும். விதியை எழுதியவர்கள் ஒரு தடவையாவது கரையில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

அளப்பதிலும் ஒரு முறை உண்டு. மீனைத் தட்டையான பலகையில் கிடத்தி, மூக்கு நுனி பலகையின் ஓரத் தடுப்பில் முட்ட, வாய் மூடியிருக்க, வால் இதழ்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து அளக்க வேண்டும். மீனின் வளைவின் மேல் டேப்பைப் போட்டு அளந்தால் நீளம் கூடுதலாகக் காட்டும், அது செல்லாது. பிறகு அளவு தெளிவாகத் தெரியும்படி ஒரு படம். விண்ணப்பத்தை இணையத்திலோ கைப்பேசிச் செயலியிலோ அனுப்பலாம்.

புளோரிடா மாநிலம் 2012 அக்டோபரில் தொடங்கிய 'ட்ராஃபிகேட்ச்' திட்டம் இதில் இன்னும் கறார். அங்கே எடை மட்டும்தான் கணக்கு. முழு மீனும் தராசில் தொங்க, எடை எண் படத்தில் படிக்கும்படி தெரிய வேண்டும், மீனையும் உயிரோடு விட்டிருக்க வேண்டும்.

படம் எதற்கு என்றால்

இந்த மீனின் உலகச் சாதனையே படமில்லாத காலத்துக் கதை. 1932 ஜூன் 2-ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி இளைஞர் ஒரு பாஸ் மீனைப் பிடித்தார். 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10 கிலோவுக்குச் சற்று மேல். ஊர்க் கடைத் தராசில் நிறுத்து, ஒரு பத்திரிகை நடத்திய போட்டிக்கு விவரம் அனுப்பினார். மீன்? வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம், பத்துக் கிலோ மீனைப் பாடம் செய்து சுவரில் மாட்டவா முடியும்? அந்த எடை உண்மையா என்று இன்றும் வாதம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2009 ஜூலை 2-இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் பெர்ரியின் மீனைவிட ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல். பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸாவது கூடுதல் வேண்டும் என்பது பன்னாட்டு அமைப்பின் விதி. ஆகவே இருவரும் சமம் என்று பதிவானது. விதி என்றால் விதிதான்.

இதைவிட எனக்குப் பிடித்தது கலிபோர்னியாவின் டிக்சன் ஏரி நிகழ்ச்சி. 2006 மார்ச்சில் அங்கே ஒருவர் பிடித்த பாஸ், கைத்தராசில் 25 பவுண்டு 1 அவுன்ஸ் காட்டியது. உலகச் சாதனையை அப்படியே விழுங்கும் எடை. ஆனால் முள் வாயில் மாட்டாமல் உடம்பில் மாட்டியிருந்தது. மீன் தானாக இரையைக் கவ்வாமல் உடம்பில் முள் குத்திப் பிடிபட்டால் அது முறையான பிடிப்பு ஆகாது. அவர் மீனைத் தண்ணீரில் விட்டார், சாதனைக்கு விண்ணப்பிக்கவும் இல்லை.

எல்லோரும் அப்படி இருப்பார்களா? டெக்சஸில் 2009-இல் ஒரு தனியார் போட்டியில், சுமார் 55,000 டாலர் மதிப்புள்ள படகுப் பரிசுக்காக ஒருவர் மீன் வயிற்றுக்குள் ஒரு பவுண்டு ஈயக்குண்டைத் திணித்துக் கொண்டுவந்தார். பிடிபட்டு, 15 நாள் சிறையும் ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் கிடைத்தது. மீன்பிடிப் போட்டியில் ஏமாற்றுவது அந்த மாநிலத்தில் குற்றவியல் சட்டப்படியே குற்றம். அரசின் விருதில் பெரும்பாலும் கிடைப்பது சான்றிதழ், சிறு பரிசுப் பொருட்கள், குலுக்கலில் ஒரு வாய்ப்பு, இவ்வளவுதான். பொய் சொல்லிச் சம்பாதிக்க அதில் அதிகமாக ஒன்றும் இல்லை. அதனால்தான் படம் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதற்கு ஆளை நம்ப முடிகிறது. மாநிலச் சாதனை என்று கேட்டு வந்தால் கதை வேறு, அங்கே சான்றளிக்கப்பட்ட தராசு வேண்டும். கோரிக்கையின் கனத்துக்கு ஏற்ப ஆதாரத்தின் கனம். சின்னச் சான்றுக்கும் பெரிய சான்றுக்கும் ஒரே கட்டு ஆவணம் கேட்கிற பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

அரசுக்கு மீன் கடன்

டெக்சஸில் 1943-இல் பதிவான 13.5 பவுண்டு சாதனை 1980 வரை, 37 வருடம், அசையவே இல்லை. உள்ளூர் பாஸ் அந்த அளவுக்கு மேல் வளரவில்லை. 1970-களின் தொடக்கத்தில் துறை, பெரிதாக வளரும் புளோரிடா வகை பாஸைக் கொண்டுவந்து நீர்த்தேக்கங்களில் குஞ்சுகளை இருப்பு செய்யத் தொடங்கியது. கிழக்கு டெக்சஸில் புதிதாகக் கட்டிய லேக் ஃபோர்க் அணையில் அந்தக் குஞ்சுகள் நன்றாகத் தேறின.

1986 நவம்பர் 26-இல் அங்கே வழிகாட்டி வேலை பார்த்த மார்க் ஸ்டீவன்சன் 17.67 பவுண்டு, சுமார் 8 கிலோ, மீன் ஒன்றைப் பிடித்தார். அதை அரசிடம் ஒப்படைத்தார். திட்டத்தின் முதல் மீன் அதுதான். 'எத்தல்' என்று பெயர் வைத்து, பிறகு மிசௌரி மாநிலத்தில் ஒரு பெரிய கடையின் கண்ணாடித் தொட்டியில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். 1994-இல் அது இறந்தபோது அஞ்சலிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள் என்றால் நம்புவது கஷ்டம்தான். அதற்குள் சாதனை கைமாறிவிட்டது: 1992 ஜனவரியில் அதே ஏரியில், வேறு வகைச் சிறு மீனுக்காகத் தூண்டில் போட்டிருந்த பாரி செயின்ட் கிளேர் என்பவருக்கு 18.18 பவுண்டு பாஸ் மாட்டியது.

கடன் எப்படி நடக்கிறது? 13 பவுண்டு மீன் கிடைத்தவர் தொலைபேசியில் சொன்னால், துறை ஆட்கள் தண்ணீர்த் தொட்டி வண்டியோடு வந்து ஏதென்ஸ் என்ற ஊரில் உள்ள நன்னீர் மீன்வள மையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஏன் என்றால், முட்டையிடும் பருவத்தை ஒட்டிய மாதங்கள் அவை. தண்ணீரும் குளிர்ந்திருப்பதால் மீன் தாங்கும். கோடையில் இதே பயணம் மீனைக் கொன்றுவிடும். மையத்தில் முட்டையிட வைத்து, தாயைப் பிடித்த ஏரியிலேயே திரும்ப விடுகிறார்கள். குஞ்சுகளில் ஒரு பங்கும் அதே ஏரிக்குப் போகிறது. கடன் கொடுக்க முடியாதவர்கள் ஒன்றிரண்டு செதிலை மட்டும் அனுப்பினாலும் போதும், மரபணு ஆய்வுக்கு ஆகும். இதுவரை 600-க்கும் மேற்பட்ட பெரிய மீன்களைத் தூண்டில்காரர்கள் இப்படிக் கொடுத்திருக்கிறார்கள். துறை ஆட்களே வலை போட்டுத் தேடியிருந்தால் எத்தனை வருடம், எத்தனை செலவு!

கூடவே இன்னொன்றும் நடக்கிறது. எந்த ஏரி, எந்த மாதம், எவ்வளவு பெரிய மீன் என்று ஒவ்வொரு விண்ணப்பமும் சொல்லிவிடுகிறது. விருது கேட்டு வருகிறவரே கணக்கெடுப்பாளர் ஆகிவிடுகிறார்.

பெரிய மீனைக் கையாளும்போது ஒரு எச்சரிக்கை. படத்துக்காகக் கீழ்த்தாடையை மட்டும் பிடித்து ஒற்றைக் கையில் தொங்கவிடுவார்கள். ஐந்தாறு கிலோ உடம்பின் பாரம் முழுவதும் தாடையில் இறங்கினால், அதன் பிறகு மீனால் சரியாக இரை எடுக்க முடியாமல் போகலாம். நனைத்த கைகளால், ஒரு கை தாடையிலும் மற்றொன்று வயிற்றின் கீழும் கொடுத்துத் தாங்க வேண்டும். காய்ந்த கை பட்டால் உடம்பின் வழவழப்பு உரிந்து நோய் பிடிக்கும்.

டாலஸ், ஹூஸ்டன் பக்கம் பிள்ளைகளோடு சில மாதம் தங்கப் போகிற பெற்றோர் நம்மில் நிறையப் பேர். பேரப்பிள்ளை 17 வயதுக்குக் குறைவு என்றால் மீன்பிடி உரிமம் தேவையில்லை. தாத்தா தூண்டிலைக் கையில் எடுத்தால் வெளியூர்க்காரருக்கான உரிமம் வேண்டும், "சும்மா பிடித்துக் காட்டினேன்" என்பது எடுபடாது. மாநிலப் பூங்காக்களின் எல்லைக்குள் மட்டும் உரிமமில்லாமல் தூண்டில் போடலாம். ஜூன் மாத முதல் சனிக்கிழமை மாநிலம் முழுவதுமே உரிமம் தேவையில்லை. அப்போதும் அளவு, எண்ணிக்கை விதிகள் உண்டு. லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள பாஸைத் திரும்ப விட்டே ஆக வேண்டும். மாநிலத்தில் 'முதல் மீன்' என்று ஒரு விருதும் இருக்கிறது. அதற்கு எடையும் கிடையாது, நீளமும் கிடையாது. பேத்தி பிடித்தது உள்ளங்கை அளவு சன்ஃபிஷ்ஷாக இருந்தாலும், வாழ்க்கையில் அவள் பிடித்த முதல் மீன் என்றால் சான்றிதழ் அவள் பெயருக்கு வரும்.