மிலிட்டரிக்காரருக்கு ஐடி வேலை எதற்கு?

பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வருகிறவருக்கு ஊர் ஒதுக்கி வைத்திருக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: வங்கி வாசல், ஏடிஎம், அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட். தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் இதே பேச்சுதான். ஹவில்தாராக இருந்தவர் ஐடி கம்பெனிக்கு மனுப் போட்டால், ‘துப்பாக்கி பிடித்த கைக்குக் கம்ப்யூட்டர் எப்படி வரும்?’ என்பார்கள்.

எல்லோரும் துப்பாக்கி மட்டுமே பிடிக்கவில்லை. ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவு 1911இலிருந்து இருக்கிறது. கம்பி, ரேடியோ, ஆப்டிகல் ஃபைபர், சாட்டிலைட் என எதில் போனாலும் படையின் பேச்சு அறுந்துபோகாமல் பார்ப்பதே அதன் பிழைப்பு. ஐடி என்றாலே கோடிங் என்று நினைப்பதால்தான் குழப்பம். ஒரு நெட்வொர்க் கண்காணிப்பு அறையின் இரவு ஷிப்டைப் பாருங்கள். இரண்டு மணிக்குத் திரையில் ஒரு லிங்க் சிவப்பாகிறது. மின்சாரமா, கேபிளா, போர்ட்டா, சாயங்காலம் யாராவது ரவுட்டரில் கை வைத்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வர வேண்டும். பார்த்ததை நேரத்தோடு டிக்கெட்டில் எழுத வேண்டும். யாரை எழுப்புவது என்று முடிவெடுக்க வேண்டும். விடிந்ததும் அடுத்த ஷிப்டிடம் அரைகுறை இல்லாமல் ஒப்படைக்க வேண்டும். பதினைந்து வருடம் லைன் ஃபால்ட் தேடிய சிக்னல்ஸ்காரருக்கு இதில் புதியவை கருவிகள்தான். காலாட்படையில் இருந்தவரிடம் இதே கதையைச் சொல்லி ஆசை காட்டக்கூடாது. அவர் அடிப்படையிலிருந்து படித்தாக வேண்டும், காலமும் கூடுதலாகும்.

‘டிசிப்ளின் இருக்கிறது, கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்’ என்பது படையினர் தரப்பு நம்பிக்கை. கொடுக்க மாட்டார்கள். ஸ்லாஷ் 26 சப்நெட்டில் எத்தனை கருவிகளுக்கு முகவரி கொடுக்கலாம் என்று நேர்காணலில் கேட்டால், 62 என்று சட்டென வர வேண்டும். மறுவாழ்வு இயக்குநரகம் ஓய்வுக்கு முன்பே தரும் பயிற்சி நல்ல தொடக்கம். வேலை உத்தரவு அல்ல. சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் சான்றிதழ்கூட 3 ஆண்டில் காலாவதியாகிவிடும்.

அதிகம் பேரை ஏமாற்றுவது பட்டப்படிப்பு விவகாரம். பத்தாம் வகுப்போடு 15 ஆண்டு சேவை முடித்தவரைப் பட்டதாரிக்கு இணையாகக் கருதலாம் என்பது மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கான சலுகை. முன்னாள் படைவீரர்களுக்கான 10 சதவீத ஒதுக்கீடும் அங்கேதான். தனியார் ஐடி கம்பெனியை இவை இரண்டுமே கட்டுப்படுத்தாது. சேவையில் இருக்கும்போதே இக்னோ மூலம் உண்மையான பட்டம் ஒன்றை வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். அக்னிவீரர்களுக்கான இக்னோ பட்டத்தில் பாதி கிரெடிட் படைப் பயிற்சிக்கே கிடைக்கிறது. நாலு வருடத்தில் பென்ஷன் இல்லாமல் வெளியே வரப்போகும் பிள்ளைகள் இதை விட்டுவிடக் கூடாது.

வயது? அமெரிக்கக் கடற்படையின் கிரேஸ் ஹாப்பர் 1986இல் தன் 79ஆவது வயதில் ஓய்வு பெற்றபின் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆலோசகராகச் சேர்ந்தார். அவர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், நியாயமான ஒப்பீடு அல்லதான். ஆனாலும் நாற்பதை ஒட்டி ஊர் திரும்பும் ஒருவருக்கு இன்னும் இருபது வருட உழைப்பு பாக்கி இருக்கிறது. சிரமம் வேறிடத்தில்: தன் மகன் வயதில் இருக்கும் டீம் லீட் சொல்வதைக் கேட்க வேண்டும். தவறு என்று பட்டால் அதை மீட்டிங்கிலேயே சொல்லவும் வேண்டும். இரண்டாவதுதான் படையில் பழகாதது.

பயோடேட்டாவில் யூனிட், டிரேடு பெயர்களை அடுக்கினால் ஹெச்ஆருக்குப் புரியாது. எத்தனை பேரை நடத்தினீர்கள், எதைப் பராமரித்தீர்கள், பழுது வந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். எந்த இடம், எந்தக் கருவி என்ற விவரம் வேண்டாம். அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பிறகும் பொருந்தும். ‘உங்களுக்குத்தான் பென்ஷன் வருகிறதே’ என்று சம்பளத்தைக் குறைக்கப் பார்த்தால், அது முடித்த வேலைக்கு வருவது, இது செய்யப்போகும் வேலைக்கு என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு உங்கள் தொகையைச் சொல்லுங்கள்.