பழைய லோடு வண்டி வாங்குமுன்...

வாடகை வண்டிக்குக் கொடுக்கும் கூலி கட்டுப்படியாகவில்லை என்று, சொந்தமாக ஒரு சிறிய லோடு வண்டி வாங்க நினைக்கும் மளிகைக்கடை அன்பர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். புது வண்டிக்கு முதல் போதாது. அதனால் பழைய வண்டியைத் தேடுகிறார்கள். பருப்பு மூட்டை வாங்கினால் குத்தூசி போட்டு எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து, வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். ஆனால் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் வண்டியை பெயிண்ட்டைப் பார்த்தும், புரோக்கர் பேச்சைக் கேட்டும் வாங்கிவிடுகிறோம். அப்படி வாங்கி நஷ்டப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

2013-ஆம் வருடம் அது. "அண்ணாச்சி, இஞ்சின் பூ மாதிரி ஓடுது, கேட்டுப் பாருங்க" என்றார் கொண்டுவந்தவர். உண்மையிலேயே இஞ்சின் பூ மாதிரிதான் ஓடியது. மெக்கானிக்கும் இஞ்சினைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். ரூ.1,90,000 கொடுத்து எடுத்தேன். இரண்டாவது மாதம், 12 மூட்டை சர்க்கரையோடு வந்துகொண்டிருந்தபோது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. இறக்கிப் பார்த்தால், கேபினுக்குப் பின்னால் சேஸில் வெல்டிங் வைத்து, அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்த வெல்டிங் வாய் பிளந்து கிடந்தது. முன்பு செங்கல் சூளைக்கு ஓடிய வண்டி என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. பூ மாதிரி ஓடிய இஞ்சினோடு சேர்த்து ரூ.65,000க்குத் தள்ளிவிட்டேன்.

அன்று படித்த பாடம் இது. இஞ்சின் கெட்டால் வேலை பார்க்கலாம். கிளட்ச், கியர்பாக்ஸ், பேட்டரி எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வண்டி விலையில் கழித்துக்கொள்ளலாம். சேஸ் போய்விட்டால் அப்படிக் கழிக்க வழியில்லை. காகிதம் கோளாறாக இருந்தாலும் அப்படியே. ஆகவே இந்த இரண்டையும் பார்த்த பிறகே இஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

முதலில், நமக்கு எந்த அளவு வண்டி தேவை என்பதைப் பார்ப்போம். ஒரு நடைக்கு சர்க்கரை 10 மூட்டை 500 கிலோ, எண்ணெய் 10 டின் தகரத்தோடு சேர்த்து ஏறக்குறைய 160 கிலோ, அரிசி 26 கிலோ பை பத்து 260 கிலோ. மொத்தம் 920 கிலோ. 2005-இல் வந்து, நம் ஊர்களில் குட்டி யானை என்று பெயர் வாங்கிய டாட்டா ஏஸ் போன்ற சிறிய வண்டிகள் பெரும்பாலும் முக்கால் டன் அளவுக்கே ஆனவை. ஆர்.சி.யில் மொத்த எடை, வெறும் எடை என்று இரண்டு எடை இருக்கும். மொத்த எடை 1,550, வெறும் எடை 820 என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 730. டிரைவரும் கூட ஒரு ஆளும் ஏறினால் அதில் 130 போய்விடும். ஆக, சரக்குக்கு மிஞ்சுவது 600 கிலோதான். 920 கிலோவை இரண்டு நடையாக அடிக்க வேண்டும், அல்லது பெரிய பிக்கப் பார்க்க வேண்டும். "கொஞ்சம்தானே கூட" என்று ஏற்றினால் சேஸுக்கும் கேடு, பைக்கும் கேடு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20,000, அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை என்பது நமக்கு ஒரு சௌகரியம். டிரைவர் விஷயத்திலும் குழப்பம் வேண்டாம். சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன பெஞ்ச் தீர்ப்பளித்திருக்கிறது.

அடுத்து, அந்த வண்டி இதுவரை என்ன சரக்கு ஏற்றியது என்று கேளுங்கள். விலையைவிட இது முக்கியம். உப்பு, மீன், உரம் ஏற்றிய வண்டி அடியிலிருந்து அரிக்கும், வெளியே தெரியாது. தண்ணீர் கேன் வண்டியில் தளம் எப்போதும் ஈரமாகவே கிடந்திருக்கும். செங்கல், மணல் ஏற்றியதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கொரியர் வண்டி பாரம் சுமந்திருக்காது, ஆனால் கிலோமீட்டர் ஓடித் தீர்த்திருக்கும். ரொட்டி, பிஸ்கட் ஏஜென்சி வண்டியில் கடைக்குக் கடை நிறுத்தி எடுத்ததில் கிளட்ச்சும் ஸ்டார்ட்டரும் தேய்ந்திருக்கும். சேஸ் நன்றாக இருக்கும். என்னைக் கேட்டால் இந்தக் கடைசி ரகம்தான் நமக்கு ஏற்றது. இன்னொன்று, நாம் ஏற்றுவது சாப்பிடும் பொருள். மீனோ பூச்சிமருந்தோ ஏற்றிய வண்டியில் அரிசியை ஏற்றினால் வாடை ஏறிவிடும். வாடிக்கையாளர் நம்மைத்தான் கேட்பார்.

சேஸைப் பார்க்க டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். வேட்டி அழுக்காகுமே என்று பார்க்கக்கூடாது. கேபினுக்குப் பின்னாலும், பின் ஸ்பிரிங் பொருத்தியுள்ள இடங்களிலும் வெல்டிங் தடம், ஒட்டுத்தகடு, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி கொடுத்ததைவிட ஒரு பட்டை கூடுதலாகப் போட்டிருந்தால், அளவுக்கு மீறி ஏற்றிய வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீர் என்கும். அரித்த இடம் சொத்தென்று கேட்கும். டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் தவறியிருக்கலாம், சேஸ் கோணியும் இருக்கலாம். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் நன்றாக இருக்கிறது என்று மயங்காமல் வயதையும் பாருங்கள்.

இப்போது இஞ்சின். "நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். போனதும் இஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ இருக்கிறது. புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது; கறுப்பாக வந்தால் டீசல் சரியாக எரியவில்லை; இஞ்சின் சூடான பிறகும் வெள்ளையாகவே வந்தால் தண்ணீர் உள்ளே போவதாக இருக்கலாம். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் வேலை காத்திருக்கிறது. அதற்குப் பிறகு, நம் கடை மூட்டைகள் பத்தை ஏற்றி ஒரு மேம்பாலத்தில் ஏற்றி இறக்க வேண்டும். வெறும் வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும்! இதற்குச் சம்மதிக்காத வண்டியை நான் வாங்குவதில்லை.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அது நீண்ட ஓட்டத்தில் சூடேறித்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். மண்டிக்கும் கடைக்குமாக 4 கிலோமீட்டர் ஓடும் நமக்கு அது அடைத்துக்கொள்ளும்; சில்லறைச் செலவில் முடியாது. அந்த மாதிரி ஓட்டத்துக்கு பெட்ரோல் அல்லது சி.என்.ஜி. மேல். சி.என்.ஜி. என்றால் சிலிண்டரை 3 வருடத்துக்கு ஒருமுறை சோதித்த சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கவும்.

காகிதங்களில் சேஸ் நம்பரே முதல். வண்டியில் உள்ள நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து படியும். அதை ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு எஃப்.சி., இன்ஷூரன்ஸ் தேதிகளைப் பாருங்கள். வரியும் அபராதச் செல்லானும் பாக்கியா என்பதையும் அரசு இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும். எஃப்.சி. 8 வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடாவருடம். எஃப்.சி. முடியப்போகிற வண்டி மலிவாகக் கிடைத்தால், அந்தச் செலவை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று பொருள். கடன் பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் ஃபாரம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்கக்கூடாது. "அடுத்த வாரம் வந்துவிடும்" என்பது கடிதம் ஆகாது.

ஃபாரம் 29, 30-இல் கையெழுத்தை மட்டும் வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்ற மனுச் செய்ய வேண்டும் என்கிறது சட்டம். இன்ஷூரன்ஸ் மாற்றத்துக்கு 14 நாள்தான். தவறினால், நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்குப் பணம் கிடைப்பது சந்தேகம். நம் பழைய வண்டியை விற்கும்போது ஆபத்து நமக்கே. கை மாறிக் கை மாறி விற்கப்பட்ட ஒரு கார் விபத்தில் சிக்கியபோது, ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. விற்று வருடங்கள் ஆனாலும் பெயர் நம்முடையதென்றால் வழக்கும் நம்முடையதே.

பணத்தை பேங்க் மூலமாகவே கொடுக்கவும். ஒருவருக்கு ஒரே நாளில் ரூ.10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகை வண்டியின் விலையில் சேராது. வருமான வரிக் கணக்கில் அதற்குத் தேய்மானமும் கிடைக்காது. 2017 முதல் இதுதான் நிலை. நம் ஆடிட்டர்கள் இதைக் கணக்கு முடிக்கும்போதுதான் சொல்கிறார்கள்!

வண்டியை எடுக்கும் அன்று டெலிவரி நோட் ஒன்று எழுதி, தேதியோடு மணியையும் குறித்து, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மணிக்கு முன் நடந்தது விற்றவர் பொறுப்பு, பின் நடந்தது நம் பொறுப்பு என்று அதிலேயே எழுதிவிடலாம். இரண்டாவது சாவியையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு கிடைக்காது.