இரைச்சலைச் சமமென்று எண்ணாதீர்கள்

ஆன்டெனா வரிசையின் தரவை முதன்முறையாகக் கையில் எடுக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்.

1. எல்லா ஆன்டெனாவிலும் இரைச்சல் ஒரே அளவு என்று பாடநூல் தொடங்கும். கணக்குக்கு அது வசதி, அவ்வளவுதான். ஒவ்வோர் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரு குணம், ஒவ்வொரு கேபிளுக்கும் ஓர் இழப்பு உண்டு.

2. இரைச்சல் சமமாக இருந்தால் கோவேரியன்ஸ் அணியின் ஐகன் மதிப்புகளே போதும். சிக்னலுக்குரியவை உயர்ந்து நிற்கும், மற்றவை ஒரே மட்டத்தில் கிடக்கும். திசை கண்டறியும் மியூசிக் (MUSIC) முறை நம்பியிருப்பது இந்தப் பிரிவைத்தான். சமமில்லையென்றால் மட்டம் சரிந்துவிடும். இரைச்சல் மிகுந்த ஒற்றை ஆன்டெனாகூட, இல்லாத சிக்னல் மூலத்தை இருப்பதாகக் காட்டும்.

3. அப்போது காரணிப் பகுப்பாய்வுக்கு வாருங்கள். 1904-இல் சார்லஸ் ஸ்பியர்மன் மாணவர்களின் மதிப்பெண்களுக்குப் பின்னாலுள்ள பொதுக் காரணியைத் தேடப் போட்ட வழி இது. கோவேரியன்ஸ் அணியை இரண்டு பகுதிகளின் கூட்டலாக எழுதுகிறோம்: அணித்தரம் (rank) குறைந்த சிக்னல் பகுதி ஒன்று, மூலைவிட்டத்தில் மட்டும் எண்களுள்ள இரைச்சல் பகுதி ஒன்று. இரைச்சல் அளவுகள் முன்கூட்டியே தெரிய வேண்டியதில்லை. மூலைவிட்டத்துக்கு வெளியே சிக்னலின் தடம் மட்டுமே இருப்பதால், அதைக்கொண்டு இரண்டையும் பிரிக்கலாம்.

4. பேராசை வேண்டாம். ஆன்டெனா எண்ணிக்கையிலிருந்து மூலங்களின் எண்ணிக்கையைக் கழித்து வர்க்கப்படுத்துங்கள். கலப்பெண் தரவில் அது ஆன்டெனா எண்ணிக்கையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 9 ஆன்டெனாவுக்கு 5 மூலம் என்றால் 16 வரும், சரி. 6 என்றால் 9 வரும். மாதிரியைச் சரிபார்க்க மிச்சமே இராது.

5. மூலங்களைச் சுழியத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போங்கள். கை-வர்க்கச் சோதனை முதலில் எங்கே மாதிரியை ஏற்றுக்கொள்கிறதோ அங்கே நில்லுங்கள்.

6. ஓர் ஆன்டெனாவின் இரைச்சல் மதிப்பீடு சுழியத்துக்கோ அதற்குக் கீழோ இறங்கினால் அதற்கு ஹேவுட் நிலை என்று பெயர். அந்த எண்ணை மட்டும் திருத்திவிட்டு நகராதீர்கள். மூலங்களை அதிகம் கேட்டிருக்கலாம், அல்லது தரவின் நீளம் போதாமல் இருக்கலாம்.

7. சிக்னல் பகுதியின் காரணி அணியில் கிடைக்கும் நிரல் ஒவ்வொன்றும் ஒரு மூலம் என்று படிக்காதீர்கள். நிரல்களைச் சுழற்றினாலும் அதே கோவேரியன்ஸ் அணிதான் வரும். அவை சேர்ந்து பரப்பும் வெளியை மட்டும் நம்புங்கள். திசை தேடும்போது தரவை இரைச்சல் அளவால் சமப்படுத்துங்கள்; அதேபோல ஆன்டெனா வரிசையின் திசை மாதிரியையும் சமப்படுத்துங்கள்.

8. இரைச்சலுக்கு மூலைவிட்டம் மட்டும் போதாத இடங்கள் உண்டு. நெதர்லாந்தின் லோஃபர் தொலைநோக்கியில் தாழ் அலைவரிசை ஆன்டெனாக்கள் 90 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்கின்றன. அங்கே வானத்தின் இரைச்சலே ஓங்கி நிற்பதால், நெருங்கியிருக்கும் ஆன்டெனாக்களின் இரைச்சல் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அந்த அண்டை இணைகளையும் இரைச்சல் பகுதியில் சேர்ப்பதே விரிவாக்கிய காரணிப் பகுப்பாய்வு. சேர்க்கச் சேர்க்க, கண்டறியக்கூடிய மூலங்கள் குறையும்.

9. கணக்கு முடிந்ததும் இரைச்சல் எண்களைத் தூக்கி எறியாதீர்கள். அவற்றை நாள்வாரியாகக் குறித்துவைத்துப் பராமரிப்புப் பொறியாளரிடம் கொடுங்கள். எந்த ரிசீவர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்பதை அவர் அதில் பார்த்துக்கொள்வார்.