சேமும் யாப்பேத்தும் செய்த வேலை



இந்த இதழின் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு சிலர் முகம் சுளிக்கக்கூடும். படுக்கையிலிருக்கும் பெரியவர்களுக்கு டயப்பர் கட்டும் முறையே அது. ஆலயத்தில் பேசத் தகுந்த காரியமா என்று கேட்பீர்களானால், ஆதியாகமம் 9-ம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். தன் கூடாரத்தில் வஸ்திரம் விலகிக் கிடந்தார் நோவா. ஒரு மகன் அதைக் கண்டு வெளியே போய்ச் சொன்னான். மற்ற இருவரும் ஒரு வஸ்திரத்தைத் தோள்மேல் போட்டுக்கொண்டு, பின்னிட்டு நடந்து போய், தகப்பனைப் பார்க்காமலே மூடினார்கள். இந்தப் பகுதியைக் குடிவெறிக்கு எதிரான பிரசங்கத்திற்கு மாத்திரம் பயன்படுத்துவது வழக்கமாகிவிட்டது. சேமும் யாப்பேத்தும் எவ்வளவு யோசித்து அதைச் செய்தார்கள் என்பதை யாரும் எடுத்துச் சொல்லுகிறதில்லை. மூட வேண்டும் என்ற மனது மட்டும் போதாது, எப்படி மூடுவது என்றும் அவர்கள் யோசித்தார்கள்.

தஞ்சாவூரில் சிவகங்கைத் தோட்டத்தருகே உள்ள சுவார்ட்ஸ் ஐயர் ஆலயத்தைப் பார்த்தவர்கள், அங்கேயுள்ள பளிங்குச் சிற்பத்தையும் பார்த்திருப்பீர்கள். 1798 பிப்ரவரி 13-ல் மரித்த சுவார்ட்ஸ் ஐயருடைய மரணப் படுக்கையருகே சரபோஜி மன்னர் நிற்பதாக, ஆங்கிலேயச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் அதைச் செதுக்கினார். மன்னரே ஏற்பாடு செய்த நினைவுச்சின்னம் அது. அந்தப் பளிங்கில் மன்னர் இருக்கிறார், உடன் ஊழியர் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுபத்தொரு வயதான அந்த மனிதருக்குப் படுக்கைத் துணி மாற்றியவர்கள் யாரென்று பளிங்கு சொல்லவில்லை. யாராவது ஒருவர் மாற்றித்தான் இருக்க வேண்டும்.

இனி காரியத்திற்கு வருவோம். பாபநாசம் வட்டாரத்து விவசாயக் கூலி ஒருவர், வயது எழுபதை ஒட்டியவர், பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோனார். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் அன்போடு ஒரு பெட்டி டயப்பர் வாங்கி அனுப்பினார். பெரிதாக இருந்தால் நல்லது என்று எண்ணி, கடையில் இருந்ததில் பெரிய அளவையே வாங்கியிருந்தார். குறுவை நடவு நேரம். மனைவியும் மருமகளும் காலை ஏழு மணிக்கு வயலுக்குப் போனால், திரும்ப மத்தியானம் இரண்டு மணி ஆகும். வந்து பார்த்தால் தினமும் பாய் நனைந்திருக்கும். நான்கு டேப்பையும் எவ்வளவு இறுக்கி ஒட்டினாலும் தொடைப் பக்கம் ஒழுகியது. அதிகம் குடிப்பதால்தான் அதிகம் போகிறது என்று அந்த அம்மாள் நினைத்து, அவருக்குக் கொடுக்கும் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். வீட்டில் நாற்றம் அடிக்கிறது என்று, திருவிருந்து கொடுக்க வரவிருந்த ஆயரையும் வரவேண்டாம் என்று அவரே சொல்லியனுப்பிவிட்டார். இரண்டு வாரத்தில் கடுங்காய்ச்சலோடும் சிறுநீர்த் தொற்றோடும் நம்முடைய வார்டுக்கு வந்து சேர்ந்தார்.

வார்டு சிஸ்டர் முதலில் எடுத்தது மருந்தல்ல, தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா. இடுப்பில் ஒரு சுற்று, பிட்டம் அகன்ற இடத்தில் ஒரு சுற்று அளந்தார்கள். இரண்டில் எது பெரிதோ அதுதான் கணக்கு. அவருக்கு 32 அங்குலம். வந்திருந்த பெட்டியோ பருத்த சரீரத்திற்கானது. பொட்டலத்தின் பின்புறம் அங்குலக் கணக்கு அச்சிட்டிருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி அது மாறுவதால், மீடியம், லார்ஜ் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கலாகாது. எடையையும் நம்பக் கூடாது. ஒரே எடையுள்ள இருவரில் ஒருவருக்கு வயிறு, ஒருவருக்கு இடுப்பு. ஆயுள் முழுதும் வெயிலில் குனிந்து நாற்று நட்டவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டுமே இல்லை!

அந்த அம்மாளுக்குச் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த விதம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. டயப்பரின் இரு ஓரமும் ரப்பர் வைத்த கொசுவம் நிற்கிறதல்லவா, அதுதான் வரப்பு என்றார்கள். வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் ராத்திரியில் வயல் தண்ணீர் முழுவதும் வடிந்துபோகும் என்பதை டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டயப்பர் பெரிதாக இருந்தால் தொடையருகே வளை விழுகிறது. டேப்பை இழுத்து ஒட்டினால் இடுப்புதான் இறுகுமே தவிர, அந்த வளை அடைபடாது.

கட்டும் முறை இதுதான். முதலில் கதவைச் சாத்துங்கள், இல்லையேல் திரையை இழுங்கள். அவருக்குப் பேச்சு வராவிட்டாலும், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுங்கள். டயப்பரை விரித்து நீளவாக்கில் நன்றாக இழுத்து, ஓடம் போல மடித்தால் கொசுவம் எழுந்து நிற்கும். பொட்டலத்திலிருந்து எடுத்தபடியே தட்டையாகப் போடுகிறவர்கள் அநேகர். பாதி ஒழுக்கு அங்கேயே ஆரம்பம். நோயாளியின் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து ஒருக்களித்துத் திருப்புங்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். பக்கவாதக் கை தோளிலிருந்து நழுவிவிடும். முன்னிருந்து பின்னாகத் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுங்கள். பெண்களுக்கு இந்த வரிசை மிக முக்கியம். பின்னிருந்து முன்னாகத் துடைத்தால் கிருமி சிறுநீர்ப் பாதைக்குள் போகும். டேப் உள்ள பக்கம் முதுகுப் புறம் வரவேண்டும். அதன் மேல் ஓரம் இடுப்பெலும்பு மட்டத்தில் நிற்கவேண்டும். கீழே இறங்கியிருந்தால் முதுகுப் பக்கம் நனையும்.

மல்லாக்கத் திருப்பியபின், முன்பகுதியைக் கால்களுக்கிடையே கொண்டுவந்து வயிற்றின்மேல் பரப்புங்கள். ஆண்களுக்கு உறுப்பு கீழ்நோக்கி இருக்கவேண்டும். மேல்நோக்கி இருந்தால் வயிற்றுப் பக்கம் வழியும். இதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவதால்தான் பல வீடுகளில் பாய் நனைகிறது. பிறகு விரலைத் தொடையிடுக்கில் ஓட்டி, கொசுவம் உள்ளே மடங்கியிருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். அதற்கப்புறமே டேப். கீழ் டேப் இரண்டையும் சற்று மேல்நோக்கிச் சாய்த்து முதலில் ஒட்டவேண்டும். அது தொடையைச் சுற்றி அணைக்கும். மேல் டேப்பைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து ஒட்டினால் இடுப்பில் நிற்கும். இடுப்பில் இரண்டு விரல் தாராளமாக நுழையவேண்டும், தொடையில் இடைவெளி தெரியக்கூடாது. தலையணை கொடுத்து உட்காரவைத்ததும் வயிறு விரியும். அப்போது மறுபடியும் விரல் வைத்துப் பாருங்கள். கழற்றும்போது தோலில் சிவந்த கோடு இருந்து, சற்று நேரத்தில் மறையாவிட்டால், இறுக்கம் அதிகம் என்று அர்த்தம்.

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டினால் பயனில்லை. உள்ளே இருப்பதன் வெளிப்புறம் பிளாஸ்டிக் ஆனபடியால், வெளியே இருப்பதற்கு நீர் போய்ச் சேராது. மிச்சம் பிடிக்க எண்ணி உள்ளே பழைய வேட்டித் துணி வைக்கிறவர்களும் உண்டு. டயப்பருக்குள் இருக்கும் பொடி நீரை உறிஞ்சிக் கூழாக்கித் தோலுக்கு எட்டாமல் வைத்துக்கொள்ளும். துணியோ ஈரத்தைத் தோலோடு ஒட்டவைத்தே இருக்கும். (இத்தகைய பொடியை 1960-களில் அமெரிக்க வேளாண்மைத் துறை ஆராய்ச்சியாளர்கள் தேடியது, மண்ணில் ஈரம் தங்குவதற்காக. காவிரி வராத ஆண்டுகளை அறிந்த நம் ஜனங்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.) வாங்க வசதியில்லாதவர்கள் வெறும் வேட்டித் துணியையே கட்டி, அடிக்கடி மாற்றி, துவைத்து வெயிலில் உலர்த்துவது எவ்வளவோ மேல். அதில் குறைவொன்றுமில்லை.

மலம் போனால் உடனே மாற்றவேண்டும். சிறுநீருக்கு, இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும்போதே பார்த்துவிடலாம். டால்கம் பவுடர் கொட்டவேண்டாம், அது மடிப்புகளில் கட்டிதட்டும். துத்தநாகக் களிம்பு மெல்லிசாகப் போதும். தடிமனாகப் பூசினால் டயப்பர் உறிஞ்சாது. சிறுநீர் வருகிறது என்று சொல்லவும், பிடித்துக்கொண்டு நான்கடி நடக்கவும் முடிகிறவருக்கு, நம்முடைய சௌகரியத்துக்காக இதைக் கட்டவே கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம். ஆஸ்பத்திரி வார்டுகளிலும் முதியோர் இல்லங்களிலும் ஆள் பற்றாக்குறையால் இது நடக்கிறது. ஒரு மாதம் கட்டினால் நடை போய்விடும்.

அந்தக் கூலியாளருக்கு மீடியம் அளவே போதுமானதாக இருந்தது. தண்ணீரும் தாராளமாகக் கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கிற்று. வயலுக்குப் போகும் நாட்களில் பத்து மணிக்குப் பக்கத்து வீட்டார் வந்து பார்ப்பதாக ஏற்பாடாயிற்று. அடுத்த மாதம் ஆயர் அவர் வீட்டுத் திண்ணையிலேயே திருவிருந்து கொடுத்தார். உங்கள் சபையில் இப்படிப் படுத்திருப்பவர்கள் இருந்தால், தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் செவிலியருக்கும் தெரியப்படுத்துங்கள். அவர்கள் வீடு தேடி வந்து இவற்றைச் சொல்லிக்கொடுப்பார்கள்.

கழற்றியதைச் சுருட்டி, டேப்பாலேயே ஒட்டி, காகிதத்தில் பொதிந்து, தனியாகக் குப்பை வண்டியில் கொடுக்கவேண்டும். நன்றாகப் பொதிந்து கொடுக்கும்படியே திடக்கழிவு விதிகளும் சொல்லுகின்றன. வாய்க்காலில் எறிந்தால் உறிஞ்சி ஊதி மதகை அடைக்கும். எரித்தால் பிளாஸ்டிக் புகை. குப்பை வண்டி வராத கிராமமானால், வண்டி வரும் ஊராட்சிக் கூடத்தில் சேர்க்க ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். அறுப்பின் பண்டிகைக்குச் சபைகள் அன்போடு அனுப்பும் பெட்டிகளில் எக்ஸ்ட்ரா லார்ஜ் மிகுதியாகவும் மீடியம் சொற்பமாகவும் வந்துசேருகின்றன. நம்முடைய வார்டில் படுத்திருப்பவர்களோ பெரும்பாலும் மெலிந்தவர்கள். ஆகவே மூன்று பெட்டி அனுப்புவதானால் இரண்டு மீடியமாகவும் ஒன்று லார்ஜாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு தையல் அளவு நாடாவையும் சுருட்டி வைத்து அனுப்புங்கள். வீட்டுக்குப் போகிறவர்களிடம் அதையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம்.